மரந்தறித்த வரலாற்றுக்கு ஓர் அருங்காட்சியகம்: நம்முடைய வீட்டுக் கூரையின் வளைகளும் கைமரங்களும் எங்கிருந்து வந்தன?

கந்தர்மடம் ரீச்சர்

உறவுகளுக்கு வணக்கம். கடந்த புரட்டாதியில் மகளுடைய வீட்டுக்குக் கனடா போயிருந்த சமயம், ஒன்ராறியோ மாகாணத்து அல்கொன்குவின் பூங்காவில், கிழக்கு வாயிலை அண்டி 60ஆம் இலக்க நெடுஞ்சாலையோரம் அமைந்திருக்கும் மரந்தறிப்பு அருங்காட்சியகத்தைப் பார்த்துவந்தேன். பிள்ளைகள் இலைகள் நிறம் மாறுவதைக் காட்டத்தான் என்னை அழைத்துப் போனார்கள். நான் அரை நாளையும் இந்த ஓரிடத்திலேயே செலவழித்துவிட்டேன்.

முப்பத்தொரு வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். கனடாவின் மரந்தறித்தற் கைத்தொழில் என்ற தலைப்பைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. மாரியில் தறிப்பார்கள், உறைந்த நிலத்தின் மேல் இழுப்பார்கள், வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது மிதக்கவிடுவார்கள் என்ற மூன்று விடயங்களும் பரீட்சைக்குப் போதுமானவையாக இருந்தன. அந்த மூன்று வரிகளுக்குள் எத்தனை பேருடைய முதுகும் கையும் இருந்தன என்பதை நான் ஒரு நாளும் வகுப்பில் சொன்னதில்லை. எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

அங்கே பெரிய கட்டடம் எதுவும் இல்லை. வாசலில் ஒரு சிறு மண்டபம், அதற்கு அப்பால் காட்டுக்குள் 1.3 கிலோமீற்றர் நீளமான ஒரு நடைபாதை, அந்தப் பாதையின் வளைவுகள்தோறும் வேலை நடந்த ஒழுங்கிலேயே வைக்கப்பட்ட பொருட்கள், அவ்வளவுதான். முதலில் வருவது தொழிலாளர்கள் மாரி முழுவதும் அடைந்து கிடந்த குடில். சீவாத முழுமரங்களை அடுக்கிச் சுவராக்கி, நடுவில் மண் நிரப்பிய மேடை கட்டி, அதன்மேல் அணையாத நெருப்பை வைத்து, நேர் மேலே கூரையில் புகை போக ஒரு பெரிய வாயை விட்டிருக்கிறார்கள். சுவரோரம் இரண்டு தட்டாகப் படுக்கைகள். ஐம்பது பேர்வரை அந்த ஒரே அறைக்குள் நனைந்த உடுப்பை உலர்த்தி, அவரைப் பருப்பும் பன்றியிறைச்சியும் ரொட்டியும் தேநீருமாக மாதக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார்கள். சமையற்காரர் அவரைப் பருப்புப் பானையைச் சுடுமணலுக்குள் புதைத்து இரவு முழுவதும் அவியவிடுவாராம். அந்தக் குடிலுக்குக் கம்பூஸ் என்று பெயர். கப்பற் சமையலறையைக் குறிக்கும் கொம்பாய்ஸ் என்ற ஒல்லாந்தச் சொல்லிலிருந்து அது வந்ததாக அறிந்தபோது, கந்தோர் என்ற சொல்லை அதே ஒல்லாந்தரிடமிருந்தும், குசினி என்ற சொல்லைப் போர்த்துக்கேயரிடமிருந்தும் வாங்கி வைத்திருக்கும் எனக்கு, அந்தத் தூரதேசத்துக் குடில் திடீரென்று அயல்வீடு போலாகிவிட்டது.

அடுத்து வருவது சதுரமாகச் செதுக்கிய வெள்ளைப் பைன் மரம். அதன் நீளத்தையும் பருமனையும் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் நின்றேன். பிறகு குதிரை இழுத்த பனிச்சறுக்கு வண்டி. பாரம் இலகுவாக வழுக்கிப் போவதற்காக இராத்திரியில் பாதை முழுவதும் தண்ணீர் தெளித்துப் பனிக்கட்டியாக உறையவைத்ததும், அதே பாதை சரிவில் இறங்கும் இடத்தில் வண்டி குதிரையின் மேல் ஏறிவிடாதபடி மணலோ வைக்கோலோ தூவி வழுக்கலைக் குறைத்ததும், நான் படிப்பித்த பாடத்தில் இல்லாத விடயங்கள். அதன் பின் ஓர் அணையும் மரங்கள் வழுக்கி இறங்கும் மரப்பீலியும். கடைசியில் முதலை என்று பெயர் பெற்ற ஒரு நீராவிப் படகு. 1889இல் ஒன்ராறியோவின் சிம்கோ என்ற ஊரில் ஜோன் செபர்ன் வெஸ்ட் என்பவர் முதன்முதல் உருவாக்கிய வகை அது. ஏரியில் ஆயிரக்கணக்கான மரங்களை வளைத்துக் கட்டி இழுத்துவிட்டு, அடுத்த ஏரிக்குப் போக வேண்டியிருந்தால், தூரத்து மரமொன்றில் தன் கம்பிவடத்தைக் கட்டி, தன்னைத் தானே தரைமேல் இழுத்துக்கொண்டு போகும். அதை விளக்கிய பலகையின் முன் நின்றபோது மகள் என்னை இரண்டு தடவை கூப்பிட்டாளாம், எனக்குக் கேட்கவில்லை.

திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறந்தபோதுதான் இந்தக் கேள்வி எழுந்தது. என் அப்பு காலத்து முதிரைக் கதவு அது. அந்த முதிரை எந்தக் காட்டில் நின்றது, யார் தறித்தார், எந்த வண்டிலில் எத்தனை நாள் வந்தது, எந்த மரக்காலையில் அரிந்தார்கள் என்பவற்றில் ஒன்றுகூட எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெருங்காடு இல்லை. ஆனாலும் வீடுகளும் கோயிற் தேர்களும் வள்ளங்களும் மரத்தால் ஆனவை. அந்த மரத்துக்கும் அதைக் கொண்டுவந்தவர்களுக்கும் நாம் எங்காவது ஒரு குறிப்பாவது வைத்திருக்கிறோமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஸ்காபரோ சிவா

ரீச்சர், இருபது வருடமாக ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அந்த வாயிலைக் கடந்து போகிறேன். ஒரு தடவையும் இறங்கிப் பார்த்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஒரு விடயத்தை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். அங்கே மரந்தறிப்பு பழங்கதையாகிவிடவில்லை. 1893இல் அந்தப் பூங்காவை நிறுவியபோது அதன் நோக்கம் ஆறுகளின் ஊற்றுப்பகுதிகளைக் காப்பதும், விலங்குகளுக்குப் புகலிடம் அமைப்பதும், குடியேற்றக்காரர் காட்டைத் திருத்தி வயலாக்குவதைத் தடுப்பதுமேயன்றி, மரம் வெட்டுவதை நிறுத்துவதாக இருக்கவில்லை. 7,600 சதுரக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பூங்காவின் ஒரு பகுதியில் இன்றும், வரையறுத்த விதிகளின் கீழ், வணிகத்துக்காக மரம் வெட்டப்படுகிறது. ஆகவே நீங்கள் பார்த்தது, இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஒரு தொழிலின் முன்கதை.

கோண்டாவில் தச்சன்

ரீச்சருக்கு வணக்கம். எங்கள் குடும்பத்தில் நான் நான்காவது தலைமுறைத் தச்சன். நீங்கள் சதுரமாகச் செதுக்கிய மரத்தைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

நிற்கும் மரத்தைத் தறிப்பது ஒரு வேலை. விழுந்த மரத்தை அந்த இடத்திலேயே நான்கு பக்கமும் மட்டமாகச் செதுக்குவது வேறொரு வேலை. அவர்கள் நூலில் நிறம் தோய்த்து, மரத்தின் இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிக் கோடு விழுத்தியிருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் நூல் அடிக்கிறோம். கோடு விழுந்த பிறகு ஒருவர் சிறு இடைவெளிகளில் ஆழக் கொத்திக்கொண்டு போவார், பின்னால் வருபவர் அகன்ற கோடாலியால் அந்தக் கொத்துகளுக்கு இடைப்பட்டதைச் சீவி எடுப்பார். வாள் படாமலே இழைப்புளி போட்டதுபோல் முகம் வரும். கப்பலின் அடித்தளத்தில் உருளாமல் நெருக்கமாக அடுக்குவதற்காகவே இவ்வளவு பாடு. ஆனால் அதற்காக ஒவ்வொரு மரத்திலும் காற்பங்குக்கு மேல் சீவலாகக் காட்டிலேயே விடப்பட்டது. அந்தச் சீவல் காய்ந்து, பின்னாளில் காட்டுத்தீக்கு விறகானது. ஒரு தச்சனுடைய கண்ணுக்கு அந்த அழகும் அந்த வீணும் ஒரே மரத்தில்தான் தெரியும்.

இனி நம்முடைய பக்கத்துக்கு வருகிறேன். குடாநாட்டில் பெருங்காடு இல்லை என்று எழுதினீர்கள். பனங்கூடல்தான் எங்கள் காடு. பனை மற்ற மரங்களுக்கு நேர்மாறானது. முதிரையிலும் பாலையிலும் கடினமான வயிரம் நடுவில் இருக்கும். பனையில் வயிரம் வெளிவட்டத்தில் இருக்கும், உள்ளே மென்மையான சோற்றி. ஆகையால் பனையை அரிவதைவிடப் பிளப்பதே முறை. அடிமரத்தில் ஆப்பு வைத்து, அது தானாக விரும்பும் வழியில் வெடிக்கவிட்டு, பிறகு உட்புறச் சோற்றியை வாய்ச்சியால் வழித்தெடுத்தால், கறுத்த வரியோடு கைமரமும் சலாகையும் கிடைக்கும். பாதியாகப் பிளந்து குடைந்தால் தண்ணீர் ஓடும் பீலி. வட்டு முற்றாத மரத்தைத் தறித்தால் எல்லாம் சோற்றியாகப் போய்விடும்; அறுபது எழுபது வயது தாண்டிய மரத்துக்குத்தான் வயிரம் தடிக்கும். அப்படிப்பட்ட வயிரத்தில் ஆணி இறங்காது, முதலில் துளையிட வேண்டும். அதன் சிராம்பு கையில் ஏறினால் எடுப்பது மிகவும் கடினம். தேய்பிறையில்தான் தறிக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி விழும் என்று என் தகப்பனார் சொல்வார். குளிர் நாட்டுக்காரர் மாரியில் தறித்ததற்கும் பனிப்பாதையோடு சேர்த்து மரத்தின் நீரோட்டம் குறைந்திருப்பதும் ஒரு காரணம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காலம் பார்த்துத் தறிப்பது எல்லா நாட்டுத் தச்சருக்கும் பொதுவான ஒழுக்கம் போலும்.

இந்தச் சொற்கள் எல்லாம் என்னோடு போய்விடும் என்ற கவலை எனக்கு உண்டு. என் மகன் அலுமினிய ஜன்னல் வேலை செய்கிறான். அதில் பிழை இல்லை. அவனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. ஆனால் சோற்றி என்றால் என்னவென்று அவனுடைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

வாசுகி (வரலாற்று மாணவி)

ரீச்சர், தச்சன் ஐயா, இருவருடைய பதிவுகளையும் பலமுறை வாசித்தேன். ஆயினும் ஒரு மறுப்பைச் சொல்ல வேண்டும்.

அந்தச் சதுர மரங்கள் யாருக்காகச் செதுக்கப்பட்டன என்ற கேள்வியைக் கேட்காமல் அந்தக் கைத்திறனை மட்டும் வியந்தால், வரலாற்றில் பாதி விடுபட்டுவிடும். 1806இல் பிலிமன் ரைட் என்பவர் ஒட்டாவா ஆற்றின் வழியாகக் கியூபெக் துறைமுகத்துக்கு முதலாவது மரத்தெப்பத்தைக் கொண்டுபோனார். அதே ஆண்டின் இறுதியில் நெப்போலியன் பிரித்தானியாவுடனான ஐரோப்பிய வணிகத்துக்குத் தடை விதித்தார். போல்டிக் கரையிலிருந்து வந்துகொண்டிருந்த பைன் மரம் நிச்சயமற்றதாகிவிட, பிரித்தானியா தன் கப்பல்களுக்கான மரத்தை வட அமெரிக்கக் குடியேற்றங்களில் தேடியது. ஒரு பேரரசின் போர்த்தேவை, கடலுக்கு அப்பாலிருந்த ஒரு காட்டின் தலைவிதியை எழுதியது. பின்னர் அந்த வணிகம் ஒரு நூற்றாண்டு நீடித்து, ஒட்டாவா ஆற்றின் கடைசிச் சதுரமரத் தெப்பம் 1908இல் போனபோது, முதிர்ந்த வெள்ளைப் பைன் காடுகள் பெரும்பாலும் முடிந்துபோயிருந்தன.

இங்கேயும் அதே கதையின் சிறிய வடிவம் உண்டு. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர், நம்முடைய பனைமரத்தைத் தறிப்பித்து, கைமரமாகவும் சலாகையாகவும் கடல்வழியே அனுப்பி வணிகம் செய்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் வன்னியினதும் கிழக்கினதும் முதிரையும் கருங்காலியும் ஐரோப்பியரின் தளபாடங்களாகின. திருகோணமலை மரம் என்று பெயர் பெற்ற சமண்டலை, சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்காகக் கடல் கடந்தது. ஆகவே நாம் எழுதவேண்டிய கதையில் தறித்தவர்களோடு தறிப்பித்தவர்களும் இடம்பெற வேண்டும்.

இன்னொன்று. அந்தப் பூங்கா அல்கொன்குவின் என்ற முதற்குடி மக்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்களோ அந்த நிலத்தை ஒப்பந்தம் எழுதிக் கையளித்தவர்கள் அல்லர். அவர்களுடைய நில உரிமைக் கோரிக்கையில் 2016இல்தான் கொள்கையளவிலான உடன்பாடு கையெழுத்தானது. காட்டின் உரியவர்கள் அந்த நடைபாதையில் எந்த இடத்தில் நின்றார்கள், ரீச்சர்?

கந்தர்மடம் ரீச்சர்

பிள்ளை வாசுகி, உன்னுடைய கேள்வி என்னை இரண்டு நாள் எழுதவிடவில்லை. அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு நான் அங்கே நடக்கவில்லை. கோடாலியையும் படகையும் பார்த்துப் பிரமித்துப்போய் நடந்தேன் என்பதுதான் உண்மை. படிப்பித்த காலத்திலும் கனடாவின் காடு என்றால் ஆளில்லாத காடு என்றே வரைபடத்தில் பச்சை தீட்டினேன். அந்தப் பச்சைக்குள் ஆட்கள் இருந்தார்கள் என்பதை நானும் சேர்த்தே அழித்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஆனால் தறித்தவர்கள் பேரரசின் ஆட்கள் என்று ஒரே பக்கமாகத் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. அந்தக் குடில்களில் படுத்தவர்கள் பிரெஞ்சுக் கனடியக் கமக்காரரின் பிள்ளைகள், பஞ்சம் பிழைத்து வந்த ஐரிஷ்காரர், ஸ்கொட்லாந்துக்காரர், அவர்களோடு முதற்குடி மக்களும். வசந்தத்தில் உறைநீருக்குள் இறங்கி, மிதந்து வரும் மரங்களை நீண்ட தடிகளால் தள்ளிக்கொண்டு போகும்போது, மரங்கள் பாறையில் சிக்கி மலைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். எந்த ஒரு மரத்தை இழுத்தால் எல்லாம் விடுபடும் என்று கண்டுபிடித்து, அதை இழுத்துவிட்டு, அது விடுபடுவதற்குள் கரைக்கு ஓடிவர வேண்டும். ஓடிவர முடியாதவர்களை ஆற்றங்கரையிலேயே புதைத்தார்கள். 1829இல் ஒட்டாவா ஆற்றின் சோடியேர் நீர்வீழ்ச்சியில் ரகிள்ஸ் ரைட் கட்டிய மரச்சறுக்கின் வழியாக, 1860இல் இங்கிலாந்தின் இளவரசர் தெப்பத்தில் ஏறி வேடிக்கையாக வழுக்கிப் போன செய்தி எல்லா இடத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. கரையில் புதைக்கப்பட்டவர்களில் பலருக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. அந்த அருங்காட்சியகத்தை நான் மதிப்பதற்குக் காரணம், அது பெரிய மரமுதலாளிகளின் படங்களோடு நின்றுவிடாமல், இந்தப் பெயரற்றவர்களின் படுக்கையையும் பானையையும் முதலில் காட்டுவதே.

மாங்குளம் இராசன்

அனைவருக்கும் வணக்கம். எல்லோரும் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். மரம் எங்களிடமிருந்து வந்தது.

என் தகப்பனார் முதலில் மாட்டு வண்டிலிலும் பின்பு லொறியிலும் குடாநாட்டு மரக்காலைகளுக்கு மரம் ஏற்றியவர். பாலை, முதிரை, வீரை, சமண்டலை என்று ஒவ்வொன்றுக்கும் காட்டில் ஓரிடம் உண்டு என்பார். வீரை விறகுக்கும் கப்புக்கும், பாலை கூரை வளைக்கும் பாரந்தாங்கும் தூணுக்கும், முதிரை கதவுக்கும் நிலைக்கும். பாலையை மட்டும் அவர் மனம் ஒப்பித் தறித்ததில்லை. வைகாசி ஆனியில் பாலைப்பழம் பழுக்கும்போது ஊரே காட்டுக்குள் போகும்; கரடியும் வரும். ஒரு பாலையைத் தறித்தால் ஒரு தலைமுறையின் பழம் போய்விடும் என்று சொல்லுவார், பிறகு தறிப்பார், ஏனென்றால் வீட்டில் ஐந்து பிள்ளைகள்.

மரத்தின் தலைப்பில் சுத்தியல் முத்திரை விழாமல் அது காட்டைவிட்டு வெளியேறக்கூடாது. வழியில் மறித்தால் முத்திரையையும் பெர்மிற்றையும் காட்ட வேண்டும். கனடாவிலும் ஒவ்வொரு கம்பனியும் தன் மரத்தின் தலைப்பில் சுத்தியலால் தன் அடையாளத்தைப் பதித்ததாகவும், அதைப் பதிவு செய்வதற்கு 1870இலேயே சட்டம் இயற்றியதாகவும் வாசித்தேன். ஆற்றில் எல்லோருடைய மரமும் கலந்து வருவதால் அவர்களுக்கு அது தேவைப்பட்டது. எங்களிடம் முத்திரை அரசினுடையது மட்டுமே. 1885ஆம் ஆண்டின் காட்டுச் சட்டத்தோடும் அதன் பின் வந்த வனத் திணைக்களத்தோடும், தலைமுறையாகக் காடு வெட்டிச் சேனைப்பயிர் செய்து, தேனெடுத்து, கப்புக் கம்பு வெட்டி வாழ்ந்த ஊர்கள், தங்கள் காட்டுக்குள்ளேயே அனுமதி கேட்டு நிற்க வேண்டியவர்களாயின. வாசுகி தங்கச்சி அல்கொன்குவின் மக்களைப் பற்றிக் கேட்ட கேள்வியை வன்னியைப் பற்றியும் கேட்க வேண்டும். காடு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. முறையில்லாமல் வெட்டினால் என்ன நடக்கும் என்பதை யுத்தத்துக்குப் பின் என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். காட்டைக் காப்பதென்றால் அதில் வாழ்ந்தவர்களையும் கேட்டுக் காக்க வேண்டும் என்கிறேன்.

ஆகவே என்றாவது இப்படியொரு நடைபாதை அமைந்தால், அது யாழ்ப்பாண நகருக்குள் ஒரு கட்டடமாக அமையக்கூடாது. ஒரு முனை வன்னிக் காட்டிலும் மறுமுனை குடாநாட்டில் ஒரு பழைய மரக்காலையிலும் இருக்க வேண்டும்.

சுன்னாகம் நடேசன்

தொண்ணூறுகளில் இடம்பெயர்ந்து பதினான்கு வருடம் கோயம்புத்தூரில் வாழ்ந்தவன் நான். 1902இல் திறக்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. மரத்துண்டுகளின் குறுக்குவெட்டுகளை ஒழுங்காக அடுக்கிப் பெயரிட்டு வைத்திருப்பார்கள். தனிமையில் இருந்த காலத்தில் அங்கே போய் முதிரை என்றும் கருங்காலி என்றும் வாசித்துவிட்டு வருவேன். ஊர் ஞாபகம் வரும். மரத்தைப் படிக்க விரும்புகிறவனுக்கு அது பெரிய செல்வம். ஆனால் தறித்தவனுடைய ஒரு குரல் எனக்கு அங்கே கேட்கவில்லை.

அதற்கு மாறாக, கேரளத்து நிலம்பூரில், 1840களில் நட்ட தேக்கந்தோட்டத்துக்குக் கலெக்டர் கொனொலியின் பெயர் இருந்தாலும், அதை நட்டு வளர்த்த சாத்து மேனோனின் பெயரையும் மக்கள் சேர்த்தே சொல்லுகிறார்கள். ஆனைமலையில் தேக்குமரங்களை மலைச்சரிவில் வழுக்கி இறக்கிய இடம் டாப் ஸ்லிப் என்ற பெயரிலேயே அந்த வேலையை வைத்திருக்கிறது. நமது ஊர்ப் பெயர்களிலும் மரம் நிறைய உண்டு. மாங்குளத்துக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெயர்களிலிருந்தும் தொடங்கலாம்.

கோண்டாவில் தச்சன்

இராசன் தம்பி சொன்னது சரி. எங்கள் பட்டறைக்கு மரம் வந்து இறங்கிய பிறகுதான் எங்களுக்கு அது மரம். அதற்கு முன் அது யாருடைய நிழல் என்று நாங்கள் கேட்டதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எழுதுவதற்கு மனம் வரவில்லை. பனையைப் பற்றி எழுதும்போது யுத்தத்தை விட்டுவிட்டு எழுதினால் அது பொய்யாகிவிடும். பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனங்குற்றிகள் தறிக்கப்பட்டன. எல்லாத் தரப்பாரும் தறித்தார்கள். எங்கள் வளவில் பிள்ளைகளைக் காப்பாற்ற நானும் தறித்தேன். எறிகணையில் தலையிழந்து கரிய தூண்களாக நின்றவை வேறு. 1990இல் றெயில் நின்ற பிறகு தண்டவாளமும் அதன் கீழிருந்த சிலிப்பர் மரங்களும் பதுங்குகுழிகளுக்கு மேல் மூடியாகப் போயின. பாதை மூடிய காலங்களில் வன்னி மரம் வரவில்லை. தென்னையிலும் வேம்பிலும் சவப்பெட்டி செய்தோம். பெண்பனையைத் தறிப்பதற்கு அனுமதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அந்த வருடங்களில் யாரிடம் போய் அனுமதி கேட்பது?

நான் தறித்த பனைகள் ஒன்பது. ஐந்து ஆண், நான்கு பெண். எந்த எந்த இடத்தில் நின்றன என்று இன்றும் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். அருங்காட்சியகம் என்று ஒன்று வந்தால் அந்தப் பதுங்குகுழியின் குற்றி ஒன்றும் அதில் இருக்கட்டும். அதையும் ஒரு தச்சன்தான் அளந்து வெட்டினான்.

வாசுகி (வரலாற்று மாணவி)

ஐயா, உங்களுடைய பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எங்கள் வளவின் பனைகளை எண்ணத் தொடங்கிவிட்டார்.

கட்டடத்துக்கும் நிதிக்கும் காத்திருந்தால் சொற்கள் போய்விடும் என்று ஐயா முதலிலேயே எழுதினார். ஆகவே குரல்களிலிருந்து தொடங்குவோம் என்று நினைக்கிறேன். நானும் என்னுடன் படிக்கும் இருவரும் ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிறோம். முதலில் தச்சன் ஐயாவின் பட்டறை, பிறகு மாங்குளத்தில் இராசன் அண்ணையின் தகப்பனாரோடு வேலை செய்தவர்கள், அதன் பின் வல்வெட்டித்துறையில் மரக்கலம் கட்டிய குடும்பங்கள். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அப்படியொரு கப்பலுக்கு எந்த மரத்தை எப்படித் தெரிந்தெடுத்தார்கள் என்பதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

மாங்குளம் இராசன்

தகப்பனாரோடு லொறியில் உதவியாளராகப் போன ஒருவர் இருக்கிறார், வயது எண்பத்திமூன்று. காது சற்று மந்தம், ஆனால் ஞாபகம் தெளிவு. வெயில் ஏறுவதற்கு முன் வந்தால் காட்டுப் பாதையின் முதல் கட்டைவரை நடந்து காட்டுவார். தகப்பனாரின் பெர்மிற் புத்தகம் ஒன்று கறையான் தின்றது போக மிச்சம் இருக்கிறது. அதைப் படமெடுங்கள், கொண்டுபோக வேண்டாம்.

கந்தர்மடம் ரீச்சர்

மகள் படங்களை அனுப்பியிருக்கிறாள். அகன்ற கோடாலியின் படத்தைத் தச்சன் ஐயாவுக்காகக் கீழே இணைத்திருக்கிறேன். அதன் பிடி நேராக இல்லாமல் ஒரு பக்கம் வளைந்திருப்பதைப் பார்த்து, பழையதாகி வளைந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

கோண்டாவில் தச்சன்

வளைந்துபோனதல்ல, ரீச்சர்; வளைத்துச் செய்தது. அலகைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், மறுபக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியிருக்கும். தட்டையான பக்கம் மரத்தின் முகத்தோடு ஒட்டிக்கொண்டு இறங்க வேண்டும். அப்படி இறங்கும்போது பிடி நேராக இருந்தால் பிடித்திருக்கும் விரல் மொளிகள் மரத்தில் உரசிப் பிய்ந்துவிடும். அதற்காகவே பிடியை வெளிப்பக்கமாக வளைத்திருக்கிறார்கள். படத்தில் பிடி எந்தப் பக்கம் வளைகிறது என்பதைக் கொண்டு அவர் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்றும் சொல்லலாம். எங்கள் வாய்ச்சியிலும் ஒரு பக்கம்தான் தீட்டுவோம். பாட்டனாருடைய வாய்ச்சி பட்டறை முகட்டில் செருகியிருக்கிறது. பிடி மூன்று தடவை மாற்றியது, அலகு அதே அலகு.

வாசுகி பிள்ளை, வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாருங்கள். அயலில் ஒரு பட்ட பனை சாய்ந்து கிடக்கிறது. வளவுக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். ஆப்பு வைத்துப் பிளப்பதை வாயால் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள், சிராம்பு பொல்லாதது.